ஆரஞ்சு மரத்துக்கு ஒரு திருத்தச் சீட்டு

கண்ணு,

நீ கேட்டபடியே தேதி போட்டுத்தான் தொடங்கியிருக்கிறேன், மேலே வலது மூலையில் பார். கடைசியில் கையெழுத்தும் இருக்கும். ஆர்க்கிட் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து போன மாதம் ஓய்வு பெற்ற நாள் வரை செடிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதிய கை இது. ஆயிரக்கணக்கான சீட்டு எழுதியிருப்பேன். எழுத வேண்டிய ஒரு சீட்டை மட்டும் பத்தொன்பது வருஷமாக எழுதாமல் வைத்திருந்தேன். இப்போது எழுத உட்கார்ந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா? "ரெண்டு நாளா என்ன புள்ள, தோசை சுடறப்பக் கூடப் பாடிக்கிட்டு இருக்கறே" என்று உங்கப்பா கேட்கிறார். என் பாட்டை அவர் பாட்டு என்று ஒப்புக்கொண்டதே கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. இந்தக் கடிதத்தை நீ மடித்துப் பெட்டியில் வைக்க வேண்டாம். சுகந்தி படிக்கட்டும். மாரமங்கலத்தில் அவள் அப்பாவும் படிக்கட்டும். உன்னை அடித்தது அக்கம்பக்கம் பார்க்க நடந்தது, அதனால் திருத்தமும் நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும்.

எல்லாம் சுகந்தியால் வந்தது. நீங்கள் இருவரும் மேகாலயாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை. நீ ஒண்டிக்கடை கடைத்தெருவுக்குப் பூட்டு வாங்கப் போயிருந்தாய். அவளும் நானும் கம்பளி உடுப்பை மடித்துக்கொண்டிருந்தோம். புது மருமகள், என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. திடீரென்று சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்கத்தை, உங்க பையன் கயிறப் பாத்தாலே ஏன் பயந்துக்கறாருங்க?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிச்சயத்துக்கு முன்னால் அவர்கள் ஊருக்கு நீ போனாயே, அன்று அவளுடைய அப்பாவின் காபித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனவன், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடியை அணைத்துக் கட்டியிருந்த கயிற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்துத் தளர்த்திக்கொண்டே வந்தாயாம். "மாப்பிள்ளைக்கு எங்க கட்டு புடிக்கலீங்களாட்டம் இருக்குது" என்று அவளுடைய அப்பா வீட்டில் வந்து புலம்பினாராம். பிறகு அவள் கேட்டபோது நீ சொன்னாயாம், சின்ன வயசில் ஒரு மரத்தைக் கம்பி கட்டிக் கொன்றவன் நான் என்று. "மாமா ஆசையா வளத்த மரமுங்களாம். கம்பி பட்டைய நெரிச்சா, இலை செய்யற சாப்பாடு வேருக்கு எறங்காதாமா. வேரு பட்டினி கெடந்தே மரம் செத்துருமாமா. சொல்றப்ப அவரு மூஞ்சியப் பாக்க முடியலீங்கத்தை." அவள் கையில் உன் சிவப்பு மப்ளர் இருந்தது. அதை வாங்கி மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

உயிருள்ள செடி என்றால் உயிரை விடுகிற பையன், படித்து முடித்ததும் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கி வைக்கிற வேலைக்கு ஏன் போனான் என்று நான் எத்தனை நாள் யோசித்திருக்கிறேன்! உலர்தாவரக் கூடம் மரியாதையான இடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நீ தொட்டிச் செடியில்கூடக் கை வைக்க மாட்டாய். நான் ஊரில் இல்லாத நாளில் என் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ஊற்றச் சொல்வாய். இப்போது போகிற இடத்தில் உனக்கு இரண்டு வேலையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாயே, ஒன்று மறுபடியும் அந்தக் காய்ந்த தாள், இன்னொன்று விழுந்த மரங்களிலிருந்து மீட்ட ஆர்க்கிட்டுகளை மலைச்சரிவில் உயிருள்ள மரங்களில் கட்டி வளர்க்கிற வேலை. போய்ச் சேர்ந்ததும் பதில் சொல்ல வேண்டும். "எனக்குத் தாளே போதுமுங்மா" என்று சோறு சாப்பிட்டபடி சொன்னாய். சோம்பேறி என்று நினைத்தேன். அந்த மப்ளரை மடித்த பிறகுதான் எனக்கு விளங்கியது, உன் கையை நீயே நம்பவில்லை என்று.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த பாதியையும் சேர்த்தே சொல்கிறேன், சுகந்திக்காக.

எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்ததும் உங்கப்பா வாசலில் ஒரு ஆரஞ்சுக் கன்று வைத்தார். ஜீப் ஓட்டுகிற மனுஷனுக்கு அது ஒன்றுதான் சொந்தமாக நட்ட மரம். காலையில் ஜீப்பைத் துடைப்பதற்கு முன்னால் அதைத் தொட்டுப் பார்ப்பார். காய்க்கத் தொடங்கியதும் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திப் பழம் கொடுப்பார், புளிக்கிறது என்று யாராவது சொன்னால் அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டுப் பக்கம் பார்க்க மாட்டார். உனக்குப் பதினொரு வயது. அந்த வருஷம் காபிப் பழம் பறிக்கிற நேரத்தில் பெரிய காற்று அடித்து எஸ்டேட் ரோட்டில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. அதில் ஒட்டியிருந்த ஒரு செடியை வேரோடு உரித்து, பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கொண்டுவந்தாய். விரல் தடிமனில் நாலைந்து தண்டு, ஒவ்வொன்றின் உச்சியிலும் இரண்டு மூன்று இலை, வெள்ளைப் பஞ்சு சுற்றிய மாதிரி வேர். "இது என்ன செடிங்மா?" என்றாய். நான் பெரிய மேதை, ஒரு பார்வை பார்த்துவிட்டு "டெண்ட்ரோபியம்" என்றேன், ஆர்க்கிட்டில் அது ஒரு வகை. நீ ஒரு அட்டையில் அதை எழுத்துக் கூட்டி எழுதி, செடியை ஆரஞ்சு மரத்தில் உன் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஜீப் ஷெட்டில் கிடந்த கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டினாய். எட்டிப் பார்த்து, "நல்லாக் கட்டியிருக்கறே சாமி" என்று சொன்னதும் நான்தான்.

அதே மாதத்தில் நானும் அந்த மரத்துக்கு ஒரு காரியம் செய்தேன். காபிப் பழத்தை மெஷினில் போட்டு உரித்ததும் தோல் மலை மாதிரி குவியும், உனக்குத் தெரியும். அதை ஒரு வருஷம் மக்கவிட்டுப் போட்டால் நல்ல உரம். எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வீட்டம்மா காபித்தோல் போட்டு அவரைப் பந்தல் கொழுத்துக் கிடந்ததைப் பார்த்து எனக்கு ஆசை வந்துவிட்டது. மக்கும் வரை யார் காத்திருப்பது? பச்சைத் தோலை, கை வைத்தால் சூடு தெரிகிற தோலை, எட்டு மூட்டை கொண்டுவரச் சொல்லி மரத்தின் அடியில் தண்டோடு ஒட்டிக் குவித்தேன். மேலே மண்ணைப் போட்டு மூடினேன். "வர்ற வருசம் பாருங்க, கெளை முறியற மாதிரி காய்க்கும்" என்று உங்கப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே "நீ செஞ்சா செரியாத்தான் இருக்கும்" என்றார். அந்த வார்த்தைதான் பிறகு என் வாயைக் கட்டிப் போட்டது.

சித்திரை வெயில் வந்தபோது மரம் முழுக்க மஞ்சளாகி இலை கொட்டியது. ஒரு நாள் காலையில் பால் வாங்கப் போகிற வழியில் குனிந்து மண்ணை ஒதுக்கிப் பார்த்தேன். அடித்தண்டின் பட்டை என் விரலோடு உரிந்து வந்தது. உள்ளே கறுப்பு, புளித்த மாவு கெட்டுப் போனால் வருமே, அந்த வாடை. வேரை இழுத்தேன், ஈர நூல் மாதிரி அறுந்தது. எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது கண்ணு. மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் பால் வாங்கப் போனேன்.

அன்று சாயங்காலம்தான் உங்கப்பா மரத்தின் முன்னால் நின்றவர், நீ கட்டிய செடியைப் பார்த்தார். "இந்தப் புல்லுருவியக் கொண்டாந்து கட்டுனது யாரு? மரத்துச் சாறப் பூரா உறிஞ்சிக் குடிச்சிருச்சே" என்று கத்தினார். கம்பியை அறுத்து, செடியைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்தார். அந்த மரத்திலேயே ஒரு விளாறை ஒடித்து உன்னை அடித்தார். நீ "இல்லீங்ப்பா, இல்லீங்ப்பா" என்று மட்டும் சொன்னாய். பக்கத்து வீட்டில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அது புல்லுருவி இல்லை என்று திட்டவட்டமாகத் தெரிந்த ஒரே ஆள் அந்த வாசலில் நான்தான். சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் அதே வகைச் செடிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? "அப்பறம் மரத்தக் கொன்னது எது?" அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அரிசி முறத்தைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். அடிக்குப் பயந்தேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். அதுகூட இல்லை, உங்கப்பா என்மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு மாதத்துக்குப் பதிலாக உன் முதுகைக் கொடுத்தேன். மன்னித்துவிடு என்று சட்டென்று கேட்டு முடிக்க எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தை நீ படித்து முடி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் வாய் திறக்காத இரண்டாவது தடவையும் ஒன்று இருக்கிறது. நீ சேலத்தில் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை ஓடி வந்தாய். முகமெல்லாம் வெளிச்சம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உங்கப்பாவிடம் போய், "அப்பா, ஆர்க்கிட்டு மரத்துக்கிட்ட ஒண்ணுமே எடுத்துக்கறதில்லீங்க. நிக்கறதுக்கு எடம் மட்டுந்தானுங்க. புல்லுருவி வேருதான் மரத்துக்குள்ளாறப் போயி உறிஞ்சும். இதோட வேரு பட்டைக்கு மேலயேதான் படரும். மேல இருக்கற வெள்ளைத் தோலு பஞ்சாட்டம் மழையையும் பனியையும் உறிஞ்சி வெச்சுக்குமுங்க" என்று மூச்சு விடாமல் சொன்னாய். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், "அப்பறம் எதுதான் கண்ணு அந்த மரத்தக் கொன்னுச்சு?" என்று கேட்டார். நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்திலிருந்த வெளிச்சம் அணைந்ததை அங்கிருந்தே பார்த்தேன். நீ கொல்லைப் பக்கம் போய்விட்டாய். மரத்தைக் கொன்றது நீ கட்டிய கம்பி என்று அப்போதுதான் முடிவு செய்திருக்கிறாய், இல்லையா? செடியை விடுதலை செய்து, அதன் இடத்தில் உன்னை நிறுத்திவிட்டாய். நாலைந்து மாதத்தில் ஒரு கம்பி வளர்ந்த மரத்தை நெரிக்குமா என்று உன் படிப்பே உனக்குச் சொல்லியிருக்கும். குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் தயாராக இருப்பவனுக்குப் படிப்பு என்ன செய்யும்? கடுகு கருகியது. "ரசம் தீயுது புள்ள" என்றார் உங்கப்பா.

நடுவில் உனக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. சாக்கடையில் கிடந்த செடியை நான் அன்று இருட்டுவதற்குள் எடுத்துவிட்டேன். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில், வளைவில் நிற்கிற சில்வர் ஓக் மரத்தில் தென்னை நாரால் கட்டினேன். போகும்போது ஒரு பார்வை, வரும்போது ஒரு பார்வை. முதல் கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றது. போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் எங்கள் கூடத்தில் டெண்ட்ரோபியம் சிலது அப்படித்தான், மொட்டைக் குச்சியாக நின்று அதிலேயே பூ எடுக்கும், பார்க்க வருகிறவர்கள் "ஏனுங்க, செத்த செடிக்கெல்லாம் பேரு எழுதி வெச்சிருக்கறீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அதனால் பொறுத்திருந்தேன். மழைக்குப் பிறகு பழைய தண்டின் அடியிலிருந்து பக்கத்தில் புதுத் தண்டு கிளம்பியது. இந்தச் செடிகள் உயரத்துக்குப் போவதில்லை. ஒன்றின் காலடியில் இன்னொன்றாகப் பக்கவாட்டில் நடந்து போகின்றன. நானும் உன் செடியின் தண்டை எண்ணிக்கொண்டே நடந்தேன்.

மூன்றாவது வருஷம் பூத்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூ, கொத்தாக. ஒரு பூவைப் பறித்துக் கைக்குட்டையில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோய், எங்கள் அதிகாரி அம்மாவிடம் "மேடம், இந்த டெண்ட்ரோபியத்தக் கொஞ்சம் பாருங்க" என்றேன். அவர் லென்ஸை என்னிடமே கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். வெளியிதழ் மூன்று, உள்ளிதழ் மூன்று, அதில் ஒன்று மட்டும் உதடாக மாறிக் கீழே தொங்கும். மொட்டுக்குள் அந்த உதடு மேலேதான் இருந்தது, மலர்வதற்கு முன் காம்பு தன்னையே முறுக்கிப் பூவைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்கிறது. நடுவில் ஆணும் பெண்ணும் ஒன்றாய் ஒட்டிய ஒரு குட்டித் தூண். தூணின் அடி முன்னே நீண்டு, பக்கத்து இதழ்கள் அதோடு சேர்ந்து ஒரு முகவாய்க்கட்டை. இத்தனையும் டெண்ட்ரோபியத்துக்குப் பொருந்தும். "தொப்பியத் தெறந்து எண்ணுங்க" என்றார். தூணின் உச்சியிலிருந்த தொப்பியைக் குண்டூசி முனையால் தள்ளினேன். ஆர்க்கிட்டில் மகரந்தம் பொடியாக இருக்காது, மெழுகு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். டெண்ட்ரோபியம் என்றால் இரண்டிரண்டாக நாலு. நான் எண்ணினேன், எட்டு வந்தது. மறுபடி எண்ணினேன், எட்டேதான். எட்டு என்றால் ஈரியா. பூவின் முதுகில் கம்பளி மாதிரி மயிர் படர்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். கிரேக்கத்தில் கம்பளிக்குச் சொல்கிற சொல்லைத்தான் அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். இலையையும் தண்டையும் பார்த்து ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்ன மேதைக்கு இது நன்றாக வேண்டும். பூக்கிற வரை பொறுத்துத் தொப்பியைத் திறந்து எண்ணாமல் யாருக்கும் பெயர் வைக்காதே. உன் மாமனாருக்கும் இது பொருந்தும், உன் புது அதிகாரிக்கும் பொருந்தும்.

வெட்கமாக இருந்தது. எங்கள் கூடத்தில் ஒரு பழைய சீட்டையே தப்பாக எழுதியிருந்தவள் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அதிகாரி அம்மா ஒரு உலர்செடித் தாளை எடுத்து வந்து காட்டினார். தாளின் மூலையில் ஒருவர் வைத்த பெயர். அதன் மேலே, கொஞ்சம் தள்ளி, இன்னொருவர் ஒட்டிய சின்னச் சீட்டு, வேறு பெயர், தேதி, கையெழுத்து. அதற்கும் மேலே மூன்றாவது சீட்டு. முதல் ஆள் தப்பாக எழுதியதை யாரும் கிழிக்கவில்லை, அடிக்கவில்லை. "யாரு என்ன நெனச்சாங்க, எப்ப மாத்துனாங்கன்னு எல்லாமே இருக்கணும். கிழிச்சாத்தான் தப்பு" என்றார். நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சாம்பார் வைத்தேன். சில பேருக்குப் பாடம் காதில் ஏறினாலும் அடுப்படி வரை வந்து சேர இத்தனை வருஷம் ஆகிறது.

ஆக, புதன்கிழமை ஒண்டிக்கடையில் நீ பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என்னால் தாங்க முடியவில்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். "போயிட்டு வர்றேனுங்மா, ஊட்டுக்குப் போங்க, பனி நொம்ப எறங்குது" என்றாய். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, அந்த ஆரஞ்சு மரத்த நீ கொல்லலே. நாந்தான் கொன்னேன். காபித்தோலு. வேரு அழுகிப் போச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். நீ "என்னங்மா?" என்றாய். வண்டி நகர்ந்துவிட்டது. சுகந்திதான் தலையை வெளியே நீட்டிக் கையைக் காட்டினாள். நான் அங்கேயே கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார், பிள்ளையைப் பிரிந்த துக்கம் என்று நினைத்திருப்பார். துக்கமெல்லாம் இல்லை, பயம். இந்தப் பையன் இனி இந்த வீட்டுக்கு வருவானா என்ற பயம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதே. சேலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நீ போன் செய்தாய். முதலில் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு நீ சிரித்தாய். சிரித்தாயா அழுதாயா என்று சரியாகத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று சுகந்தி பிறகு சொன்னாள். "அப்ப நான் கட்டுன கட்டுச் செரியாத்தான் இருந்துச்சுங்ளா?" என்று கேட்டாய். என்னை ஏன் ஏமாற்றினாய் என்று கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது உன் கட்டைப் பற்றி. "நொம்ப நல்லாக் கட்டியிருந்தே சாமி, விரலு நொழையற மாதிரி" என்றேன். "அப்ப அந்த மலைச்சரிவு வேலையவே கேட்டு வாங்கிக்கறேனுங்மா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நீங்க இதையச் சும்மா வாயில சொல்லித் தப்பிக்க முடியாதுங்க. எழுதுங்க. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு எழுதுங்க" என்றாய். உன் கோபம் அந்த ஒரு இடத்தில் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்ததற்குச் சந்தோஷப்பட்டேன். கோபமே இல்லாமல் விட்டிருந்தால் நான் பயந்திருப்பேன்.

உங்கப்பாவிடம் அன்றே சொன்னேன். இன்சுலின் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காபித்தோலு… நானே போயி ஜீப்புல ஏத்திக்கிட்டு வந்தனே" என்றார். அப்புறம் எழுந்து போய்விட்டார். ஒரு மாத மௌனம் பாக்கி இருக்கிறதே, அதைத்தான் தொடங்குகிறார் என்று நினைத்தேன். எழுந்து போனவர், முன்கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்திருக்கிற கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். உனக்குத் தெரியும் அந்தக் கட்டை, எத்தனை தடவை அதில் கால் விரலை இடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாய். அது அந்த ஆரஞ்சு மரம்தான் கண்ணு. வெட்டிய அன்று, நீ செடி கட்டியிருந்த அந்த நெஞ்சு உயரத் துண்டை மட்டும் எரிக்க மனமில்லாமல் அவர் எடுத்து வைத்தது. பட்டை இன்னும் இருக்கிறது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் சுற்றித் தடவினார். கம்பி பதிந்த தடம் எங்கேயும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. பத்தொன்பது வருஷமாகச் சாட்சி நம் வாசலிலேயே கிடந்திருக்கிறது, நாம் மூன்று பேரும் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறோம். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மரம் செத்தது உன் தோலால. பையன அடிச்சது எங் கையால. அதுக்கு மரத்தையும் சொல்ல வேண்டாம், உன்னையும் சொல்ல வேண்டாம். அதையும் சேத்து எழுது."

சேர்த்து எழுதிவிட்டேன். இனி உனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும், புதுசாகக் குடித்தனம் தொடங்குகிறாய் என்பதால். சுகந்தியிடம் தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. பால் பொங்கிப் போனது, சாவி தொலைந்தது, எதுவானாலும். அன்றைக்குச் சொன்னால் அரை மணி நேரச் சண்டை. தள்ளிப் போட்டால் சொல்கிற வாய் பாறையாகிவிடும், பக்கத்தில் இருக்கிறவர் யாரோ உன் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார், அது உனக்குத் தெரியக்கூடத் தெரியாது. நீ நடந்தாயே, அப்படி. என்னை மன்னித்துவிடு கண்ணு. இப்போது கேட்கிறேன், முழுக்க எழுதிய பிறகு.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். உள்ளே அந்தக் கதவுக்கட்டை இருக்கிறது. பார்சல் ஆபீஸில் "இதப் போயி அனுப்பறீங்ளா, அங்க மரமே இல்லீங்ளா?" என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். கட்டைக்குப் பக்கத்தில், பாசியில் சுற்றி, வளைவுச் சில்வர் ஓக்கிலிருந்து பிரித்த நாலு தண்டு. உன் செடிதான். ஈரியாவையும் இப்போது பல துண்டாகப் பிரித்து வேறு வேறு பெயர் வைத்துவிட்டார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதனால் முழுப் பெயரை நீ பார்த்துக்கொள். நான் எண்ணிய எட்டையும் நம்பாமல் பூத்ததும் நீயே எண்ணு. தென்னை நாரும் வைத்திருக்கிறேன். நானே கட்டையில் கட்டி அனுப்பியிருக்கலாம், பத்து நிமிஷ வேலை. வேண்டுமென்றேதான் கட்டவில்லை.

சீட்டு மூன்று இருக்கிறது. முதலாவது நீ பதினொரு வயதில் எழுதி, நான் அன்று சாக்கடையிலிருந்து செடியோடு எடுத்து வைத்த அட்டை, 'டெண்ட்ரோபியம்' என்று எழுத்துப் பிழையோடு. அதைக் கிழிக்காதே. இரண்டாவது என்னுடையது: 'ஆரஞ்சு மரம். சாவுக்குக் காரணம் என்று முன்பு கருதப்பட்டது: மகன் கட்டிய செடி, பிறகு, மகன் கட்டிய கம்பி. திருத்தம்: தாய் குவித்த பச்சைக் காபித்தோல்.' தேதி, என் கையெழுத்து. அதற்குக் கீழே கோணலாக இருப்பது உங்கப்பாவின் கையெழுத்து. மூன்றாவது, செடிக்கான புதுச் சீட்டு. எடுத்த இடம் எழுதிவிட்டேன், எடுத்த ஆள் என்று உன் பெயரும் எழுதிவிட்டேன். 'கட்டியவர்' என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். கட்டி முடித்துவிட்டு அங்கே உன் கையெழுத்தைப் போடு.

அம்மா